கலாமணி இறுக்கிய போல்ட்டு

பெயிண்ட் மாற்றிவிட்டால் வண்டி மாறிவிடுமா என்ன. சிவப்பாக இருந்ததைச் சாம்பல் நிறமாக்கி, பின்பக்கம் ஒரு இறக்கையை ஒட்டவைத்து, இரண்டு கை மாறி, கர்நாடக நம்பரோடு வந்தாலும், லாரியிலிருந்து இறங்கும்போதே சென்னியப்பனுக்குத் தெரிந்துவிட்டது, அதே வண்டிதான். ஜப்பான்காரன் செய்த இரண்டு கதவு வண்டி, கையால் கியர் போட்டு ஓட்டுவது, எஞ்சினுக்குள் கூடுதலாகக் காற்றைத் திணிக்க ஒரு சூப்பர்சார்ஜர். அதைப் பொருத்துவதற்காக இதே ஆவாரம்பாளையம் சந்தில், இதே தகரக் கூரைக்குக் கீழே ஆறு மாதம் மாரடித்தாகிவிட்டது. மாரடித்தது யார் என்று கேட்டால் அங்கேதான் தொண்டையில் முள். நேற்று வண்டியைக் கொண்டுவந்த நிகேதன், பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவன், வாய் நிறைய மரியாதை, "அண்ணா, இந்த வண்டிய மொதல்ல பில்ட் பண்ணது நீங்கதான்னு சொன்னாங்க, அதான் வேற யார்கிட்டயும் விடல" என்றான். "நாந்தாங்க" என்றான் சென்னியப்பன். நாங்கதான் என்று வாய்வரை வந்தது, வந்ததை விழுங்கிவிட்டான், நாங்க என்றால் இன்னொருத்தர் யார் என்பான், வீட்டுக்காரி என்றால் அவங்க எங்கே என்பான், அப்புறம் அதற்கொரு கதை சொல்ல வேண்டும். ஒரு எழுத்தை முழுங்கினால் எத்தனை மிச்சம் பாருங்கள். அடிபட்ட வண்டி என்று நிகேதனுக்குத் தெரியுமோ தெரியாதோ, சென்னியப்பன் கேட்கவில்லை. நாளைக்கு ரேஸ் டிராக்கில் ஓட்டப் போகிறானாம், இன்றைக்கு மத்தியானம் இரண்டு மணிக்கு வந்து எடுத்துக்கொள்வானாம், இரண்டு டென்ஷனரையும் மாற்றி வைத்தால் போதுமாம். மணி பத்தேகால்.

டென்ஷனர் என்பது ஒரு ஸ்பிரிங் வைத்த கை, நுனியில் ஒரு சின்னச் சக்கரம், பெல்ட்டைத் தளரவிடாமல் எந்நேரமும் அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கும், அவ்வளவுதான் அதன் பிழைப்பு. இந்த வண்டியில் இரண்டு பெல்ட்டு, வெளிப்பக்கத்தது சூப்பர்சார்ஜரைச் சுற்றும், உள்பக்கத்தது ஸ்டியரிங் பம்பையும் தண்ணீர் பம்பையும் சுற்றும். உள்பக்கத்து பெல்ட்டு போனால் ஸ்டியரிங் கல்லாகிவிடும். கல்லாகிவிட்டது, மூன்று வருடத்துக்கு முன்னால், கோத்தகிரி மலைப்பாதையில், ஒரு கொண்டையூசி வளைவில். சென்னியப்பன் முன்சக்கரத்தைக் கழற்றி ஓரமாகப் படுக்கவைத்தான், உள்ளே இருந்த பிளாஸ்டிக் மூடியின் கிளிப்புகளைப் பிடுங்கினான், ஒன்று உடைந்தது, உடையட்டும். நிகேதன் கொடுத்துவிட்டுப் போன அட்டைப்பெட்டி பெஞ்சின் மேல் இருந்தது, பளபளவென்று இரண்டு புது டென்ஷனர், மேலே ஆங்கிலத்தில் ஏதோ பெயர், கிட்டாம். எந்தக் கிட்டு. இந்த வண்டிக்குக் கம்பெனி கொடுத்த டென்ஷனர் சூப்பர்சார்ஜரின் பாரம் தாங்காது, டீசல் வேனுக்கு வருகிற முரட்டு டென்ஷனரைக் கொஞ்சம் அறுத்து இதில் உட்காரவைக்கலாம் என்று கண்டுபிடித்தது பெங்களூர்க்காரன் ஒருத்தனும் இல்லை, கலாமணி. உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளில் மூன்று நாள் குனிந்து குனிந்து தேடி, கையெல்லாம் துருவாக ஒரு வேன் டென்ஷனரை எடுத்துக்கொண்டு வந்து, "ஏனுங்க, இதப் பாருங்க, ஸ்பிரிங்கு எவ்ளோ மொரடா இருக்குதுன்னு" என்று சந்தோஷமாக நின்றாள். அப்போது அவன் என்ன சொன்னான். "சோறாக்கற நேரத்துல இதே பொழப்பு" என்றான். இன்றைக்கு அது அட்டைப்பெட்டியில் பேர் போட்டு வருகிறது. அவள் வீட்டில் உட்கார்ந்து தண்ணீர் மோட்டாருக்குக் காயில் சுற்றுகிறாள், நாள் பூராவும், செம்புக் கம்பியை விரலில் ஏற்றி. சுற்றட்டும். யார் சுற்றச் சொன்னது. அவளே கெடுத்துக்கொண்டது, தன் பேரையும் கெடுத்து, கடைப் பேரையும் கெடுத்து.

இதுதான் மூன்று வருடமாக அவன் நெஞ்சில் உட்கார்ந்திருந்த சங்கதி. கெடுத்துவிட்டாள். ஒரே ஒரு போல்ட்டைச் சரியாக இறுக்காமல் விட்டு ஒரு பட்டறையைக் கவிழ்த்துவிட்டாள். வாய்விட்டு அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை, அந்த மட்டுக்கும் தான் நல்லவன் என்று ஒரு நினைப்பு வேறு, சொல்லாமலே முகத்தில் வைத்திருந்தான், சாப்பிடும்போது, தூங்கும்போது, அவள் பக்கம் திரும்பாத முதுகில் வைத்திருந்தான். பெரிய வண்டிகள் வருவது நின்றது. இப்போது வருவதெல்லாம் ஸ்கூல் வேனும், கிளட்ச் தேய்ந்த ஆம்னியும்தான். வலது தோள்பட்டை வேறு போய்விட்டது, கையை மேலே தூக்கினால் உள்ளே யாரோ கம்பியால் குத்துகிற மாதிரி இருக்கிறது, எஞ்சின் சத்தத்தில் எது பேரிங் எது வால்வு என்று பிரித்துச் சொல்கிற காது அவனுக்கு எப்போதும் கிடையாது, அது அவளுடைய காது, அவள் அப்பன் பட்டறையில் லேத்துக்குப் பக்கத்தில் தொட்டில் கட்டி வளர்த்த காது. கல்யாணமாகி வந்த இரண்டாவது மாதமே அடுக்களையிலிருந்து ஈரக்கையோடு வந்து, "அதுல மூணாவது சிலிண்டருங்க" என்றாள். அதுதான் சரியாக இருந்தது. சரியாக இருந்ததை அவன் இன்றுவரை மன்னிக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும், ஆனால் அன்றைக்கு அவனுக்கு அது தெரியாது, சிரித்தான், பக்கத்துப் பட்டறைக்காரர்களிடம் "எங்கூட்டுல ஒரு இஞ்சினீரு இருக்குது" என்று பெருமை மாதிரி ஒன்றைப் பேசினான். பெருமைக்குள்ளே இருந்த புளிப்பு பேசினவனுக்கே தெரியவில்லை.

நீளமான கைப்பிடியை டென்ஷனரின் கையில் மாட்டி, மூச்சைப் பிடித்து ஒரு பக்கமாகத் தள்ளினான், ஸ்பிரிங் முரண்டு பிடித்து மெதுவாக வழிவிட்டது, வெளி பெல்ட்டைச் சக்கரத்திலிருந்து நழுவவிட்டான், அது தொங்கியது. தோள்பட்டைக்குள் கம்பி. உள் பெல்ட்டும் வந்தது. இப்போது டார்ச்சை அடித்துப் பார்த்தால் பழைய தாங்குக் கட்டைகளின் போல்ட்டுகளில் மஞ்சள் கோடு. பார்க்கக் கூடாது என்று நினைத்ததைத்தான் கண் முதலில் பார்க்கும். ஒவ்வொரு போல்ட்டையும் அளவு வைத்து இறுக்குகிற டார்க் ரெஞ்சை வைத்து, அது கிளிக் என்று சொல்லும்வரை மட்டும் இறுக்கி, அதற்குமேல் ஒரு மயிரிழைகூடத் தொடாமல், போல்ட்டின் தலையிலிருந்து பக்கத்து இரும்புவரை மஞ்சள் பெயிண்ட் பேனாவால் நேராக ஒரு கோடு போடுவாள் கலாமணி. போல்ட்டு அசைந்தால் கோடு ஒடிந்துவிடும், பார்த்த உடனே தெரியும். பெரிய கம்பெனியில் எல்லாம் இப்படித்தானுங்க என்பாள். "மார்கழி மாசமா, கோலம் போடற" என்று அவன் கேலி செய்வான். மூன்று வருடம், ஒரு விபத்து, இரண்டு பெயிண்ட், இத்தனைக்கும் பிறகு அந்தக் கோடுகள் அழியாமல் இருக்கின்றன, அழுக்கைத் துடைத்தால் வெயில் மாதிரி மஞ்சள். ஆனால் நேராக இல்லை. ஒன்று ஒடிந்திருந்தது. அதற்கு மேலே இருந்ததும் ஒடிந்திருந்தது. ஆறு போல்ட்டுகளில் ஆறு கோடும் ஒரு நூல் அளவுக்கு, ஒரே பக்கமாக, வலப்பக்கமாக விலகி நின்றன. அதிர்வில் அசைந்திருக்கும் என்று உடனே சொல்லிக்கொண்டான். அதிர்வில் அசைந்தால் தளருகிற பக்கம்தானே போகும். இறுகுகிற பக்கம் எந்த அதிர்வு கொண்டுபோகும். டார்ச்சை அணைத்துவிட்டான்.

அந்த அதிர்வுக்கு இரண்டு காலும் ஒரு வலிக்கிற தோள்பட்டையும் உண்டு, பெயர் சென்னியப்பன். அவளுடைய டார்க் ரெஞ்சு சொல்லுகிற கிளிக்கில் அவனுக்கு ஒருநாளும் நம்பிக்கை வந்ததில்லை. பொம்பளை கை, எவ்வளவுதான் இழுத்துவிடும். அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் ஸ்பானரை எடுத்து, அவள் இறுக்கிய ஒவ்வொன்றையும் மேலே ஒரு இழுப்பு இழுத்து வைப்பான், பதினான்கு வருடமாக, மில் வேலைக்குப் போகிறவன் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுப் போகிற மாதிரி. தப்பு என்று தோன்றியதே இல்லை. பொறுப்பு என்று தோன்றியது. கோடு போட ஆரம்பித்த பிறகு ஒருநாள் அவள் டார்ச்சை அடித்துப் பார்த்துவிட்டு வந்து எதிரில் நின்றாள். "நான் இறுக்குனதுல எதுக்குங்க மறுக்கா கை வெக்கறீங்க? அளவுக்கு மேல இழுத்தா மரை நீண்டு போகுமுங்க." அவன் முதலில் இல்லை என்றான், அப்புறம் கத்தினான், அப்புறம் அவள் இரண்டு நாள் பேசாமல் இருந்ததில், "செரி, இனிமே உன்ற போல்ட்டத் தொட்டா என்னன்னு கேளு" என்று வாக்குக் கொடுத்தான். கொடுத்தது அந்தச் சிவப்பு வண்டி பட்டறைக்கு வந்த வாரத்தில். நினைப்பு இந்த இடத்துக்கு வந்தால் எப்போதும் வேறு பக்கம் திரும்பிக்கொள்ளும், ஈ மாதிரி, இப்போதும் திரும்பியது, மணி என்ன ஆச்சு, பதினொன்றே முக்கால், உள் டென்ஷனரை முதலில் ஏற்றிவிட வேண்டும்.

ஏற்றினான். புது டென்ஷனர் தன் இடத்தில் கச்சிதமாக உட்கார்ந்தது. உட்காராமல் என்ன, அளவெடுத்தது யார். இரண்டு தாங்கு போல்ட்டையும் இறுக்கினான், பெல்ட்டைச் சக்கரம் சக்கரமாக வளைத்துப் போட்டான், ஸ்பிரிங்கை மெதுவாக விட்டான், பெல்ட்டு விறைத்து நின்றது, விரலால் சுண்டினால் டொம் என்றது. நல்ல வேலை. நல்ல வேலை என்று சொல்ல ஆள் இல்லாத பட்டறை, பக்கத்து ஃபவுண்டரியில் மண் தட்டுகிற சத்தம், தகரத்துக்கு மேலே வெயில் ஏறி ஏறிக் கூரை டிக் டிக் என்று விரிகிறது, நெற்றி வியர்வை கண்ணுக்குள் இறங்கி எரிந்தது. முடித்த பிறகு கை தானாகவே ஸ்பானரை எடுத்தது. கையைச் சொல்லிக் குற்றமில்லை, பழக்கம். கீழ் போல்ட்டு, மேலே ஒரு இழுப்பு, கெட்டியாக நின்றது. மேல் போல்ட்டு, ஒரு இழுப்பு, நின்றது. நடுவில் அந்தச் சின்னச் சக்கரத்தைப் பிடித்திருக்கிற போல்ட்டு, கம்பெனியிலேயே இறுக்கி அனுப்புவது, அதை யாரும் தொட வேண்டியதே இல்லை. ஒரு இழுப்பு. கொடுத்தது. கால் சுற்று, ஆடுகிற பல் மாதிரி, மெத்தென்று அசைந்து கொடுத்தது. அந்தக் கொடுப்பை அவன் மணிக்கட்டு அறிந்திருந்தது. புத்திக்கு எட்டுவதற்கு முன்னாலேயே மணிக்கட்டுக்கு எட்டிவிட்டது, முழங்கைவரை சில்லென்று ஏறியது. கம்பெனிக்காரன் லூசாக விட்டிருக்கிறான், இந்தக் காலத்தில் எவன் ஒழுங்காகச் செய்கிறான், என்று வாய் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே இருக்க, கை இன்னொரு இழுப்பு இழுத்தது. இறுக வேண்டியது இன்னும் லேசாகச் சுற்றியது. சக்கரம் தள்ளாடியது. மூன்றாவது இழுப்பு தேவைப்படவில்லை, விரலாலேயே சுற்றி வெளியே எடுத்துவிட்டான். உள்ளங்கையில் வைத்து டார்ச்சை அடித்துப் பார்த்தான். மரை எதிர்ப்பக்கமாகச் சாய்ந்து ஓடியது. உல்டா மரை. ஊரில் உள்ள போல்ட்டெல்லாம் வலப்பக்கம் சுற்றினால் இறுகும், இது வலப்பக்கம் சுற்றினால் கழலும். டீசல் வேனில் அப்படித்தான் வைத்திருக்கிறான். வேனிலிருந்து அதை எடுத்து, சக்கரத்தைக் கழற்றி மாட்டி, இடப்பக்கமாக இறுக்கி, கோடு போட்டவளுக்கு அது தெரியும். யாரும் தொட வேண்டியதில்லாத போல்ட்டைப் பற்றி யாரிடம் சொல்ல வேண்டும். அதுவும் தொட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தவனிடம்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான், ஆயில் ஈரத்திலேயே. அன்றைக்கும் இதே பன்னிரண்டு பன்னிரண்டரைதான் இருக்கும். கலாமணி கையைக் கழுவிவிட்டுப் பேக்கரிக்கு டீ வாங்கப் போனாள். வண்டிக்குச் சொந்தக்காரன், மில்காரர் மகன் ரகுநந்தன் மூன்று மணிக்கு வருவான், வண்டியை முதல் தடவையாக மலைக்குக் கொண்டுபோவான். அவள் தலை சந்து முனையில் மறைந்ததும் இவன் ஸ்பானரோடு குனிந்தான். வாக்கு இருந்தது, ஞாபகமும் இருந்தது, இது பெரிய இடத்து வண்டி என்று சொல்லிக்கொண்டான். ஒவ்வொன்றும் ஒரு இழுப்பு. அந்தச் சின்னச் சக்கரத்தின் போல்ட்டு அசைந்து கொடுத்தது. கொடுத்தபோது அவனுக்கு வந்தது என்ன, இதைத்தான் மூன்று வருடமாக நினைப்பு சுற்றிச் சுற்றி வந்து தொடாமல் போய்க்கொண்டிருந்தது, வந்தது சந்தோஷம். பாத்தியா, லூசா உட்டிருக்கறா, நான் பாத்ததுனால ஆச்சு. ஊசிப்பட்டாசு மாதிரி ஒரு சின்ன, கேவலமான சந்தோஷம். இன்னொரு இழுப்பு இழுத்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும், இறுகவில்லை கழலுகிறது என்று, ஆனால் சந்துமுனையில் அவள் செருப்புச் சத்தம் கேட்டது. ஸ்பானரைக் கீழே போட்டு, மூடியை அமுக்கி, கிளிப்பைத் தட்டி, கோடு ஒடிந்தது அவள் கண்ணில் படாதபடிக்கு மூடிவிட்டு, "நானே மூடிட்டன், முன்சக்கரத்த மட்டும் மாட்டிரு" என்றான். டீ கொடுத்தாள். குடித்தான். சூடாக, நல்ல டீ.

அப்புறம் நடந்தது ஊருக்கே தெரியும். டென்ஷனரின் சின்னச் சக்கரம் கழன்று மலையில் எங்கேயோ விழுந்தது, போல்ட்டு கிடைக்கவேயில்லை, பெல்ட்டு போய் ஸ்டியரிங் கல்லானது, ரகுநந்தன் கைப்பிடிச் சுவரில் மோதினான், வலது முழங்கால் நொறுங்கியது, இருபத்தாறு வயதில் இன்றைக்கும் காலை இழுத்துத்தான் நடக்கிறான். மறுநாள் மில்காரர் பட்டறை வாசலில் நின்று கத்தினார், நாலு பட்டறைக்காரர்களும் வந்து நின்றார்கள். போல்ட்டை இறுக்கியது யார் என்றார். கலாமணி நானுங்க என்றாள், ஒளிக்கவில்லை. "பொம்பளைய வெச்சு வேல பாத்தா இப்பிடித்தான்டா ஆகும்" என்றார் அவர். ஒருத்தனாவது மறுத்துப் பேச வேண்டுமே, பேசவில்லை, எல்லோர் தலையும் ஆடியது, அப்படியொரு காரணத்துக்காகக் காத்திருந்த தலைகள். அத்தனை பேருக்கு நடுவில் அவள் அவன் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். "நான் போனதுக்கப்புறம் நீங்க கை வெச்சீங்களா?" இல்லை என்றான். தொடவே இல்லை என்றான். பொய் என்று அப்போதும் தெரியும், ஆனால் அது யாருக்கும் கெடுதல் இல்லாத பொய், இறுக்கினதைச் சொல்லாவிட்டால் என்ன கெட்டுப்போயிற்று, இறுக்கினால் எங்கேயாவது கழலுமா. அதோடு விட்டானா, மில்காரரிடம், "இனிமே அவ கை வெக்க மாட்டாளுங்க" என்றான். அவள் வேஸ்ட் துணியில் ஒவ்வொரு விரலாகத் துடைத்துக்கொண்டு, துணியை மடித்து பெஞ்சில் வைத்துவிட்டுப் போனாள். ராத்திரி வீட்டில் ஒரு தடவை கேட்டாள், அதே கேள்வி. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அவ்வளவுதான், அதற்குப் பிறகு கேட்கவில்லை. அடுத்த வாரம் மோட்டார்க் காயிலுக்குச் சொல்லிவைத்துவிட்டாள்.

போல்ட்டை இடப்பக்கமாகச் சுற்றி ஏற்றினான். இறுகியது. பூ மாதிரி ஏறி, பாறை மாதிரி நின்றது. வெளி டென்ஷனரையும் மாற்றினான், எப்படி மாற்றினான் என்று கேட்டால் சொல்லத் தெரியாது, கை செய்தது, நெஞ்சுக்குள் எதுவோ வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. அவளுக்குத் தெரியும். இதுதான் திடீரென்று வந்து மண்டையில் அறைந்தது. உல்டா மரை என்று தெரிந்தவளுக்கு, தானாக அது கழலாது என்று தெரிந்தவளுக்கு, அவன் பழக்கம் தெரிந்தவளுக்கு, அன்றைக்கு அவன் முகத்தைப் பார்த்துக் கேட்டபோதே எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டே மூன்று வருடம். தெரிந்துகொண்டே தினமும் ஒரு மணிக்குக் கேரியரைத் தூக்கிக்கொண்டு வருகிறாள். வெட்கம் வர வேண்டிய இடத்தில், சொன்னால் நம்பமாட்டீர்கள், சென்னியப்பனுக்குக் கோபம் வந்தது. பாவி, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. மனுசனை இப்படியா முட்டாளாக்கி வைத்திருப்பாள். இவன் அவளை மன்னித்துக்கொண்டிருந்த அத்தனை நாளும் அவள் எதிரில் உட்கார்ந்து ரசம் ஊற்றியிருக்கிறாள். அவள் பார்வையில் தான் என்னவாக இருந்திருப்போம் என்று நினைத்தபோது, உடம்பில் துணி இல்லாமல் சந்தில் நிற்கிற மாதிரி கூசியது. பயம் அதற்குப் பின்னால் வந்தது. இப்போது இவனுக்கும் தெரியும். தெரியாது என்பது ஒரு வீடு மாதிரி இருந்தது, அதற்குள் சாப்பிட்டுத் தூங்க முடிந்தது. இனி எங்கே போவது. சொல்ல வேண்டும். யாரிடம். அவளிடம் சொல்வது பெரிதில்லை, அவளுக்குத் தெரிந்ததை அவளிடமே சொல்வதில் என்ன இருக்கிறது. மில்காரரிடம். நாலு பட்டறைக்காரர்களிடம். அப்படிச் சொன்னால் இந்த ஆம்னிகளும் வராது. அவள் பேர் திரும்பி வரும், இவன் பேர் போகும். ஒரு பேர்தான் இருக்கிறது இந்தப் பட்டறையில், இரண்டு பேருக்குப் பங்கு போட. மணி ஒன்று. சந்தில் செருப்புச் சத்தம்.

கலாமணி கேரியரை பெஞ்சில் வைத்தாள். வண்டியைப் பார்த்தாள். சாம்பல் பெயிண்ட் அவளையும் ஏமாற்றவில்லை, பார்வை நேராகச் சக்கரம் இல்லாத பொந்துக்குப் போய் நின்றது.

"அந்த வண்டிங்களா?"

"ஆமா."

"டென்சனருங்களா?"

"ஆமா." ஸ்பானரைக் கீழே வைத்தான். "கலா. அன்னிக்கு நீ டீ வாங்கப் போனப்ப நான் ஒரு இழுப்பு இழுத்தேன். அந்தச் சின்னச் சக்கரத்து போல்ட்ட. அது உல்டா மரை."

 கேரியரின் பிடியில் இருந்த அவள் கை அப்படியே இருந்தது.

"உனக்குத் தெரியும்."

"தெரியுமுங்க."

"அப்பறம் ஏன் சொல்லல?" குரல் உயர்ந்துவிட்டது. "வாயில என்ன கொழுக்கட்டையா?"

"கேட்டேனுங்களே. அத்தன பேருக்கு முன்னால கேட்டேன், ஊட்டுலயும் கேட்டேன். இல்லைன்னீங்க. அதுக்கு மேல நானாச் சொல்லி, நீங்க ஒத்துக்கிட்டு, அதுல என்னங்க இருக்குது?"

நெஞ்சு நிறைய ஏதோ பொங்கி வந்தது. நல்லவனாகிவிடலாம் என்கிற மாதிரி ஒரு வேகம், அப்படிப்பட்ட வேகம் வாழ்க்கையில் ஒன்றிரண்டு தடவைதான் வரும். "இப்பவே மில்காரர்கிட்டச் சொல்லிடறேன். உன்ற முன்னாலயே சொல்றேன்" என்று ஆயில் கையோடு ஃபோனை எடுத்தான். கலாமணி முகத்தைப் பார்த்தான். மூன்று வருடத்தில் பார்க்காத ஒன்று அந்த முகத்தில் எழுந்து உட்கார்ந்தது. அவள் பெஞ்சின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பக்கம் ஃபோன் மணி அடித்தது. மில்காரர் குரல் எப்போதும் மைக் வைத்த மாதிரிதான், பட்டறை முழுக்கக் கேட்டது.

"என்னப்பா சென்னியப்பா, அதிசயமா இருக்குது?"

"ஒண்ணுமில்லீங்க. தம்பி காலு இப்ப எப்பிடிங்க இருக்குது?"

"இருக்குது, குளுருன்னா வலிக்குதுங்கறான். என்ன விசியம்?"

"அந்த வண்டி இங்க வேலைக்கு வந்திருக்குதுங்க. அதான்..." இங்கேதான் சொல்ல வேண்டும். வார்த்தைகள் வரிசையாக நின்றன, முதல் வார்த்தையை யாராவது பிடித்துத் தள்ளிவிட்டால் போதும், நான்தாங்க அன்னிக்கு.

"அந்த எழவெடுத்த வண்டியா? இன்னுமா ஓடுது அது? ஏப்பா, உன்ற ஊட்டுக்காரம்மாவ அதும் மேல கை வெக்க உட்டராத, ஆமா."

"இல்லீங்க" என்றான் சென்னியப்பன். "அவ இப்பெல்லாம் வர்றதில்லீங்க."

"செரி, வெய்யி."

வைத்தான். ஃபவுண்டரியில் சாப்பாட்டுக்கு விட்டிருந்தார்கள், சத்தமே இல்லை. கலாமணி கேரியரைத் திறந்து, தட்டை எடுத்து, சோற்றைப் போட்டு, குழம்பை ஊற்றி, தண்ணீர்ச் செம்பைப் பக்கத்தில் வைத்தாள். அவசரமில்லாமல், ஒன்றையும் சிந்தாமல். பிறகு தோளில் இருந்த துண்டில் விரல்களைத் துடைத்துக்கொண்டு அவனைப் பார்த்தாள்.

"உல்டா மரைன்னு உங்களுக்குத் தெரியாது, இறுக்குனதாத்தான் நெனச்சிட்டிருக்கறீங்க, தெரிஞ்சா அன்னிக்கே சொல்லிப்போடுவீங்கன்னு நெனச்சேனுங்க" என்றாள். "அப்பிடி நெனச்சுத்தான் இத்தன நாளும் உங்ககூட இருந்தேன்."

தட்டுக்கு முன்னால் அவனை விட்டுவிட்டு, வெயிலில் இறங்கி நடந்தாள்.